முகூர்த்தம் பார்த்தாயிற்று, மழை பார்த்தார்களா?

மூன்றாம் பந்திக்கு இலை விழுந்துகொண்டிருக்கும். போட்டோவுக்கு நின்று நின்று மாப்பிள்ளைக்குக் கால் கடுத்திருக்கும். அந்த நேரம் பார்த்து, மொய்க் கவரை நீட்டியபடியே பெண்ணின் சித்தப்பா கேட்பார்: "அப்புறம் மாப்ளே, ஹனிமூன் எங்கே?" முப்பது வருடங்களுக்கு முன் இதற்குப் பெரும்பாலும் இரண்டே பதில்கள்: ஊட்டி, கொடைக்கானல். இன்று பாலி, மாலத்தீவு, வியட்நாம் என்று பட்டியல் கடல் தாண்டிவிட்டது. பதில் மாறியதே தவிர, அந்தப் பதிலுக்கு வந்து சேரும் வழி மாறவில்லை. யாரோ போய்வந்த ஊர், எதிலோ பார்த்த ஊர், லீவுக்குள் அடங்குகிற ஊர்.

தேனிலவு என்ற சொல்லே ஆங்கிலத்திலிருந்து பெயர்த்து வைத்ததுதான். கல்யாணம் முடிந்தால் மறுவீடு, பிறகு மாமா வீடு, அத்தை வீடு, பெரியம்மா வீடு என்று விருந்துக்குப் போவதே நம் பக்கத்து வழக்கம். புதுத் தம்பதி தனியாக ஊரைவிட்டுக் கிளம்பும் ஆசைக்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்ததில் சினிமாவுக்குப் பெரும் பங்கு உண்டு. 1961இல் ஸ்ரீதர் 'தேன் நிலவு' எடுத்தபோது ஜெமினி கணேசனையும் வைஜெயந்திமாலாவையும் காஷ்மீருக்கே அழைத்துப் போய்ப் படம்பிடித்தார். 1992இல் 'ரோஜா'வின் கதையும் காஷ்மீரில்தான் நடந்தது. ஆனால் அன்றைய நிலைமையில் அங்கே படம்பிடிக்க முடியாமல் மணாலி, குன்னூர் என்று வேறு மலைகளைத் தேடிப் போனார்கள். பார்த்தவர்கள் கண்ணுக்கு அது காஷ்மீராகவே தெரிந்தது. அந்த மயக்கத்தோடு போகிற இடத்தின் நிலவரத்தையும் விசாரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதை 2025 ஏப்ரல் 22 கொடூரமாகச் சொன்னது. பஹல்காமில் சுட்டுக் கொல்லப்பட்ட 26 பேரில், கல்யாணமான சில நாட்களிலேயே மனைவியோடு வந்திருந்த கடற்படை அதிகாரியும் ஒருவர்.

சினிமாவைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுப்பது தமிழர்களுக்கு மட்டும் உள்ள பழக்கமில்லை. சுவிட்சர்லாந்தின் இசல்ட்வால்ட் என்ற ஏரிக்கரைக் கிராமத்தில் ஒரு சிறிய மரத்துறை இருக்கிறது. ஒரு கொரியத் தொடரின் கதாநாயகன் அதன் நுனியில் பியானோ வாசித்ததும், ஆசியாவிலிருந்து ரசிகர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினார்கள். கிராமத்தார் சமாளித்துப் பார்த்தார்கள், முடியவில்லை. 2023இல் சுழல்கதவு வைத்து ஆளுக்கு 5 பிராங்க் வசூலிக்கத் தொடங்கிவிட்டார்கள். நம் கொடைக்கானலில் 'டெவில்ஸ் கிச்சன்' என்று அழைக்கப்பட்ட பாறைப் பிளவுகள், 1991இல் கமலின் படம் வந்த பிறகு குணா குகை ஆயின. 2024இல் 'மஞ்ஞும்மள் பாய்ஸ்' ஓடியதும் மறுபடியும் அங்கே கூட்டம். குகைக்குள் யாரையும் விடுவதில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு, பின்னால் நிற்பவருக்கு இடம்விட்டு நகர வேண்டியதுதான். காதலைக் கேட்டு வந்த இருவருக்கு இதில் கிடைப்பது வரிசையில் ஓர் இடம்.

அந்த வரிசைக்குக் கணக்கும் வந்துவிட்டது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2025 கோடைக்கு உச்சவரம்பும் வைத்தார்கள்: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, வார இறுதியில் 6,000. மலை தாங்காது என்பதால் வந்த ஏற்பாடு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எல்லோரும் ஏன் ஒரே இரண்டு மாதங்களில் ஏறுகிறார்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்குக் கோடை விடுமுறையை விட்டால் வேறு வழியில்லை. புதுத் தம்பதிக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அவர்களை மே மாதத்து மலைப்பாதையில் கொண்டுபோய் நிறுத்துவது பஞ்சாங்கம்.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் வைப்பதில்லை. புரட்டாசியைப் பல வீடுகளில் தவிர்ப்பார்கள். மிச்சமிருப்பதில் வைகாசி, ஆவணி, ஐப்பசி, தை ஆகிய நான்கு மாதங்களில்தான் மண்டபம் கிடைக்காமல் அலைகிறார்கள். இந்த நான்கையும் மழையின் கணக்கோடு ஒட்டிவைத்துப் பார்த்தால் தேனிலவுக் கதைகளில் பாதி விளங்கிவிடும்.

வைகாசி என்பது மே நடுவிலிருந்து ஜூன் நடு வரை. ஊட்டியில் மலர்க் கண்காட்சிக் கூட்டம் முழுதாகக் கலைந்திருக்காது, அதற்குள் கேரளக் கரையில் தென்மேற்குப் பருவமழை இறங்கத் தொடங்கிவிடும். ஆவணியில் மூணாறும் வயநாடும் இன்னும் நனைந்துகொண்டிருக்கும். நீலகிரியின் மேற்குச் சரிவில் பெய்யும் மழை எப்படிப்பட்டது என்பதற்கு 2019 ஆகஸ்ட் சாட்சி: அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. ஐப்பசி பிறந்தால் வடகிழக்குப் பருவமழை. இம்முறை அடி வாங்குவது மலையின் கிழக்குச் சரிவு. குன்னூர், கோத்தகிரி பக்கம் மண் சரிந்து, மலை ரயில் நாள்கணக்கில் நின்றுபோவது அநேகமாக ஆண்டுதோறும் வருகிற செய்தி.

தை மட்டும் விதிவிலக்கு. வானம் கழுவிவிட்டது போல் இருக்கும். தலைக்குந்தா பக்கம் விடியற்காலையில் புல்வெளி முழுக்க உறைபனி வெள்ளையாகப் படிந்து, வெயில் தொட்டதும் புகையாக எழும். பொங்கல் விடுமுறை கழிந்துவிட்டால் கூட்டமும் குறைவு. மே மாதத்தில் அறைக்குக் கேட்ட வாடகையை அப்போது யாரும் கேட்கத் துணிவதில்லை.

கடல் கடந்து போகிறவர்களுக்கும் இதே கணக்குதான். மாலத்தீவில் வெயில் காலம் டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை. ஆவணியில் தாலி கட்டிவிட்டு அங்கே போகிறவர், விளம்பரத்தில் பார்த்த நீலக்கடலுக்குப் பதில் சாம்பல்நிற வானத்தைப் பார்த்துக்கொண்டு கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க நேரலாம். பாலி நேர்மாறு. ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை அங்கே மழை குறைவு, அதனால் வைகாசிக்கும் ஆவணிக்கும் பொருந்தும். இலங்கையின் கிழக்குக் கரையும் அப்படித்தான். இங்கே தென்மேற்குப் பருவமழை பெய்யும் மாதங்களில் திருகோணமலையும் நிலாவெளியும் அலையடங்கிக் கிடக்கும். முகூர்த்த நாளுக்கு மூன்று ஜோசியரைக் கேட்கிறவர்கள் மழைக்கு ஒருவரைக்கூடக் கேட்பதில்லை. மாதம் முதலில், ஊர் பிறகு என்று தேடுவதே முறை. விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். அவர்களிடம் இருப்பது பன்னிரண்டு மாதமும் விற்க வேண்டிய சரக்கு.

அந்தச் சரக்கையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். 'ஊட்டி ஹனிமூன் பேக்கேஜ், இரண்டு இரவு மூன்று பகல்' என்றால் அனேகமாக ஒரே அட்டவணைதான். தாவரவியல் பூங்கா, படகு இல்லம், ரோஜாத் தோட்டம், தொட்டபெட்டா, டீ பேக்டரி, குன்னூர் சிம்ஸ் பூங்கா, டால்பின் மூக்கு. மருதாணி இன்னும் மங்காத கையில் ஹேண்ட்பேக்கைப் பிடித்துக்கொண்டு பெண் இறங்குவாள். "அரை மணியில வந்துருங்க சார்" என்பார் டிரைவர். நடுவில் இரண்டு வீட்டிலிருந்தும் போன், சாப்பிட்டீர்களா என்று. ராத்திரி அறைக்குத் திரும்பினால் கட்டிலில் ரோஜா இதழால் இதயம் வரைந்திருக்கும், இரண்டு பேருக்கும் உட்காரவே தெம்பிருக்காது. ஊர் பார்க்கப் போவது ஒரு பயணம். இரண்டு பேர் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளப் போவது வேறு பயணம். பேக்கேஜ் இரண்டையும் ஒரே வண்டியில் ஏற்றி, இரண்டாவதை டிக்கியில் போட்டுவிடுகிறது.

மூன்று தடவை பேசிவிட்டுத் தாலி கட்டிக்கொள்ளும் பெரியோர் நிச்சயித்த கல்யாணங்களில் இது இன்னும் கூடுதலாக உறைக்கும்.

எது நெருக்கம் தருகிறது என்று ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஆரனும் உடன் ஆய்வாளர்களும் 2000இல் வெளியிட்ட ஆய்வில் சில ஜோடிகளுக்கு விசித்திரமான வேலை ஒன்று கொடுத்தார்கள். இருவரின் மணிக்கட்டையும் கணுக்காலையும் சேர்த்துக் கட்டி, நடுவில் ஒரு தலையணையைக் கையால் தொடாமல் தாங்கிக்கொண்டு, தவழ்ந்து தடுப்பைத் தாண்டச் சொன்னார்கள். ஏழே நிமிடம். சலிப்பான வேலை கொடுக்கப்பட்ட ஜோடிகளைவிட, இப்படித் தடுமாறிச் சிரித்தவர்கள் தங்கள் உறவைப் பற்றி உயர்வாகச் சொன்னார்கள். இருவருக்குமே புதிதான ஒன்றைச் சேர்ந்து செய்வதுதான் அங்கே வேலை செய்தது. வேடிக்கை பார்ப்பதில் அது கிடைக்காது.

அதற்குச் சுவிட்சர்லாந்து போக வேண்டியதில்லை. காரைக்குடிக்கு அருகே ஆத்தங்குடியில் தரைக்கல் வார்க்கும் பட்டறைகள் இருக்கின்றன. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, உள்ளே பூ வடிவ அச்சைப் பொருத்தி, ஒவ்வொரு கண்ணறையிலும் ஒரு வண்ணக் குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சை மெல்லத் தூக்கியதும் வண்ணங்கள் கோடு கலையாமல் நிற்கும். அதன் மேல் மணலும் சிமென்டும் போட்டு அழுத்தி, காயவைத்து, தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது. நன்றாகக் கேட்டால் ஓர் அச்சைக் கையில் கொடுப்பவரும் இருப்பார். புதிதாகத் தூக்குகிறவர் கை நிச்சயம் நடுங்கும். சிவப்பு பச்சைக்குள் ஓடிவிட்ட அந்தக் கல்லைப் பார்த்து யார் கை ஆடியது என்று இருவரும் சண்டை போட்டுக்கொள்ளலாம். தங்குவதற்குக் கானாடுகாத்தானில் செட்டிநாட்டு வீடுகள் விடுதிகளாகியிருக்கின்றன.

தரங்கம்பாடி இன்னொரு வகை. டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டிய கோட்டை, 1845இல் அவர்கள் பிரிட்டிஷாரிடம் விற்றுவிட்டுப் போன தெருக்கள், சீகன்பால்கு 1706இல் வந்திறங்கிய கரை. மொத்தமும் இரண்டு மணி நேரத்தில் நடந்து முடிந்துவிடும். அதுதான் அதன் நல்ல குணம். முடிந்த பிறகு மாலை முழுவதும் கடலைப் பார்த்துக்கொண்டு பேசுவதைத் தவிர அங்கே வேலையில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் போகக் கூடாது.

ஊட்டியே வேண்டும் என்பவரிடம் ஊட்டி வேண்டாம் என்று சொல்வது நியாயமில்லை. ஏழு 'பாயின்ட்'களை விட்டுவிட்டு மலை ரயிலை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குக் கிளம்பி, 46 கி.மீ. தூரத்தைக் கடக்கப் பகல்வரை எடுத்துக்கொள்ளும் வண்டி அது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம் தொடங்கும். நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ள, பெட்டிகள் அதில் பற்றிப் பற்றி மேலேறும். 208 வளைவு, 16 குகை. ஒவ்வொரு குகையிலும் பெட்டியே சேர்ந்து கத்தும். 'மூன்றாம் பிறை'யின் கடைசிக் காட்சியில் வந்த கேத்தி நிலையமும் இந்த வழியில்தான். டிக்கெட் கிடைப்பதுதான் பாடு. முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கிறது. கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகிற நேரமும் ஏறக்குறைய அதுதான், ஆகவே மனம் வைத்தால் முடியும்.

இறங்கும் நாளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டேனியல் கானமன், ஓர் அனுபவத்தின் நீளம் நினைவில் தங்குவதில்லை, அதன் உச்சமும் முடிவுமே தங்குகின்றன என்று காட்டினார். முதல் வாரத்தைப் போலவே இரண்டாவது வாரமும் கழிந்தால் நினைவில் அது ஒரே வாரம்தான். இதை நம் பயணங்களில் பொருத்திப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. கடைசி நாள் என்பது நாத்தனாருக்குச் சாக்லேட், பக்கத்து வீட்டுக்கு யூகலிப்டஸ் தைலம், ஆபீசுக்கு வர்க்கி என்று கடைகடையாய் ஏறி இறங்கி, கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றி, நள்ளிரவு பஸ்ஸில் முடிகிற நாள். அதற்குப் பதில் பிற்பகல் இரண்டு மணிக்கு ஊட்டியில் கிளம்பும் அதே ரயிலில் கீழே வரலாம். மூன்றரை மணி நேரம். குன்னூரில் எஞ்சின் மாற்றும்போது இறங்கி ஆளுக்கொரு டீ. ஆபீசுக்கு வாங்கிய வர்க்கிப் பொட்டலத்தை ஹில்குரோவ் வருவதற்குள் பிரித்துத் தின்றுவிட்டால், திங்கட்கிழமை கேட்பவர்களுக்கு இருவரும் சேர்ந்து ஒரு பொய் தயார் செய்துகொள்ள வேண்டியிருக்கும்.