பல் போனால் சோறும் போச்சு

'பல் போனால் சொல் போச்சு' என்பது பழமொழி. பாட்டாளி வீட்டில் பல் போனால் சோறும் போய்விடுகிறது. நாற்பது வருஷம் நூல் நூற்றவரும் நாற்று நட்டவரும் அறுபது வயதில் கஞ்சியைத் தவிர வேறெதுவும் உண்ண முடியாமல் திண்ணையில் முடங்குகிறார்கள். கடலை, சோளம், கறி எதையும் மெல்ல முடிவதில்லை. சத்துக் குறைகிறது, உடல் தளர்கிறது. "வயசாச்சு, என்ன செய்வது?" என்கிறார்கள். இந்தப் பேச்சை நாம் மறுக்கிறோம்.

பல்லைக் கொல்வது வயதல்ல. சொத்தையும் ஈறு நோயும்தான். இரண்டையும் ஆரம்பத்திலேயே தடுக்க முடியும். ஆனால் ஏழைக்கு அதற்கு நேரமேது? ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுவது காலையில்; ஆலைச் சங்கு ஊதுவதும், வயலில் இறங்குவதும் காலையில்தான். போனால் அன்றைய கூலி போகும். எனவே வலி பொறுக்க முடியாத நாளில்தான் போகிறார். அடைத்துக் காப்பாற்ற வேண்டிய பல்லை அன்று பிடுங்கத்தான் முடிகிறது.

ராத்திரி ஷிப்டில் தூக்கத்தை விரட்டவும், வயலில் பசியை மறக்கவும் வாயில் புகையிலை அடக்கிக் கொள்கிறோம். புகையிலை மட்டுமல்ல, வெறும் பாக்கும் வாய்ப்புற்றை உண்டாக்கும் என்பது விஞ்ஞானம் நிலைநாட்டிய உண்மை. சர்க்கரை வியாதி ஈறு நோயை வளர்க்கிறது. ஈறு நோய் சர்க்கரையைக் கட்டுக்கு அடங்காமல் செய்கிறது.

முதியவர் கையில் உள்ள காசு எவ்வளவு? தொழிலாளர் பென்ஷனில் குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய் என்று 2014இல் வைத்தார்கள். முதியோர் உதவித்தொகையில் மத்திய சர்க்காரின் பங்கு, 80 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு, 2007இல் 200 ரூபாய். 2024 வரை அது உயரவேயில்லை. சில ஆயிரம் கொடுத்துப் பல்செட் கட்ட இவர்களால் முடியுமா? 70 வயது கடந்தவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் சிகிச்சை என்று 2024இல் மத்திய சர்க்கார் அறிவித்தது. அது ஆஸ்பத்திரியில் படுத்துச் சிகிச்சை பெறுவோருக்கு. பல்செட் கேட்டு வருவோருக்கு அல்ல.

பல்செட் என்ன ஆடம்பரமா? 1948இல் பிரிட்டனில் தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது பல்செட் இலவசமாகவே தரப்பட்டது. தொழிலாளர்கள் திரண்டு வந்து வாங்கினார்கள். அத்தனை காலம் அத்தனை பேர் பல்லின்றித் தவித்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. 1951இல் ராணுவச் செலவைப் பெருக்கிய சர்க்கார், பல்செட்டுக்குக் கட்டணம் விதித்தது. அந்தச் சேவையை உருவாக்கியவரும் முன்னாள் சுரங்கத் தொழிலாளியுமான அனூரின் பெவன், அதை எதிர்த்து மந்திரி பதவியையே உதறினார். நம் பக்கத்திலேயே கேரளத்தில், வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள 60 வயதானவர்களுக்கு 'மந்தஹாசம்' திட்டத்தில் இலவசப் பல்செட் தரப்பட்டிருக்கிறது. அங்கே முடிந்தது மற்ற இடங்களில் ஏன் முடியாது?

நம் கோரிக்கைகள் தெளிவானவை. தாலுகா ஆஸ்பத்திரிதோறும் பல் டாக்டரும், மாலை நேரச் சிகிச்சையும் வேண்டும். முதியோருக்கு இலவசப் பல்செட் வேண்டும். கிராமங்களுக்கும் ஆலை வாயில்களுக்கும் வாய்ப் பரிசோதனை வர வேண்டும். பென்ஷன், வயிறார உண்ணும் அளவுக்கு உயர வேண்டும்.

கோரிக்கை நிறைவேறும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. வாயில் இரண்டு வாரமாக ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ இருந்தால் வலி வரும்வரை காத்திராமல் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஐந்து வருஷமாவது ஈ.எஸ்.ஐ.யில் இருந்து, வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவர், வருஷத்துக்கு 120 ரூபாய் செலுத்தினால் தமக்கும் துணைவருக்கும் வைத்தியம் பெறலாம். இது தெரியாத பழைய தோழர்கள் பலர். சங்கக் கிளைகள் அவர்களைத் தேடிச் சென்று சொல்ல வேண்டும்.

உழைக்கும்வரை கூலி, உதிர்ந்தபின் திண்ணை என்ற நியாயத்தை நாம் ஏற்க முடியாது. முதியவர்களின் கோரிக்கையைச் சங்கத்தின் கோரிக்கையாக்குவோம். இன்று உழைக்கும் நாமும் நாளை முதியவர்களே.