நட்சத்திரக் குறிக்குள்ள ஒளிஞ்சிருந்த 9,185 ரூபாய்

போன தீபாவளி சமயத்துல என் சித்தி பையன் புது போன் வாங்கினான். சென்னையில முதல் வேலை, கைக்கு வர்ற சம்பளம் 26,000. வேளச்சேரியில பிஜி ரூம். போன் வாங்க 15,000 சேர்த்து வெச்சிருந்தான்.

கடையில ரெண்டு போன் காட்டியிருக்காங்க. ரெண்டுமே 5ஜி. ஒண்ணு 14,999, இன்னொண்ணு 21,999. "தம்பி, அதுல 5ஜி பேண்ட் கம்மி. இதுல நிறைய. இன்டர்நெட் வேகம் ஜிபி கணக்குல வரும், படம் செகண்ட்ல இறங்கிடும்"னு கடைக்காரர் சொல்ல, பின்னாடி இருந்த போஸ்டரும் அதையே பெரிய எழுத்துல சொல்ல, நம்ம ஆள் 21,999 போனை 9 மாச ஈஎம்ஐ-ல வாங்கிட்டான்.

ஒரு மாசம் கழிச்சு எனக்கு போன் பண்ணான். "அண்ணே, 5ஜி போன்தானே இது? என் பிளான்ல அன்லிமிடெட் 5ஜி கிடையாதாம். அடுத்த பிளானுக்கு மாறணுமாம்."

மாறினான். அதுக்கப்புறமும் ராத்திரி ரூம்ல வீடியோ சுத்திக்கிட்டே இருக்குன்னு சொன்னதால, ஒரு ஞாயிற்றுக்கிழமை நேர்ல போனேன். என் கையில இருந்தது ரெண்டு வருஷப் பழைய 5ஜி போன், வாங்கினப்ப 15,000. ரெண்டு பேருக்கும் ஒரே கம்பெனி சிம். ராத்திரி 9 மணிக்கு அவன் ரூம்ல ஸ்பீட் டெஸ்ட் போட்டோம். அவன் போன் 42 எம்பிபிஎஸ். என் போன் 39. அப்புறம் மொட்டை மாடிக்குப் போனோம். ரெண்டு போனுமே 280-ஐத் தாண்டுச்சு.

அதாவது வேகத்தை முடிவு பண்ணது போன் இல்லை, நடுவுல இருந்த சுவர்.

இனி கணக்கு. ரெண்டு போனுக்கும் விலை வித்தியாசம் 7,000. சின்ன போன்னா ரொக்கமாவே வாங்கியிருப்பான். ஈஎம்ஐ போனதால பிராசஸிங் கட்டணம் 199, அதுக்கு 18% ஜிஎஸ்டி, ஆக 235. பெரிய பிளானுக்கு 28 நாளுக்கு 50 ரூபாய் அதிகம், வருஷத்துக்கு 13 ரீசார்ஜ், அப்போ 650. மூணு வருஷம் போனை வெச்சிருந்தா 1,950. மொத்தம் 9,185 ரூபாய். அவன் மாச சம்பளத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல. மூணு எம்பிபிஎஸ் வித்தியாசத்துக்கு!

இது அவனோட முட்டாள்தனம்னு நான் சொல்லமாட்டேன். விளம்பரம் எப்படி எழுதப்படுதுன்னு அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கலை.

விளம்பரம் ஒரு பேலன்ஸ் ஷீட்

ஒரு கம்பெனியோட ஆண்டறிக்கை கையில வந்தா, அனுபவமுள்ள ஆடிட்டர் முதல் பக்க லாபத்தைப் பார்த்து அசர மாட்டார். நேரா கடைசிப் பக்கங்கள்ல இருக்கிற நோட்ஸுக்குப் போவார். உண்மை அங்கதான் இருக்கும். போன் விளம்பரமும் அப்படித்தான். பெரிய எழுத்து ஆசை காட்டும். நட்சத்திரக் குறி போட்ட குட்டி எழுத்துதான் உங்களோட உண்மையான ஒப்பந்தம்.

இன்டர்நெட் விஷயத்துல நான் அடிக்கடி பார்க்கிற நாலு வித்தைகள் இவை.

1. "வரை" என்ற ஒரு வார்த்தை. "1 ஜிபிபிஎஸ் வரை", "2 ஜிபிபிஎஸ் வரை". இது மோடம் சிப்போட உச்சபட்சத் திறன். ஒரு டவரோட வேகத்தை அந்த நேரத்துல அங்க இருக்கிற எல்லாரும் பங்கு போட்டுக்கிறாங்கன்னு விளம்பரம் சொல்லாது. நம்ம நாட்டுல 5ஜி-க்கு அதிகமாப் பயன்படுற 3300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை கான்கிரீட் சுவரைத் தாண்டும்போது பலவீனமாகும்னும் சொல்லாது. 200 கிலோமீட்டர் வேகத்துல போற கார் வாங்கினாலும், சாயந்திரம் 6 மணிக்கு கிண்டியில எல்லா வண்டியும் ஊர்ந்துதானே போகுது?

2. பிட்டும் பைட்டும். வேகம் மெகாபிட்ல சொல்லுவாங்க, படத்தோட அளவு மெகாபைட்ல இருக்கும். 8 பிட் சேர்ந்தாதான் 1 பைட். அப்போ 42 எம்பிபிஎஸ்னா ஒரு செகண்டுக்கு 5.25 எம்பிதான். 2 ஜிபி படம் இறங்க ஆறு நிமிஷத்துக்கு மேல ஆகும். பொய்யான எண் எதுவும் இல்லை. ஆனா நம்ம மனசுல எட்டு மடங்கு பெருசாப் பதியுது.

3. "அன்லிமிடெட்". தினசரி டேட்டா பிளான்கள்ல அளவு தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ்-க்கு இறங்கும்னு நோட்ஸ்ல இருக்கும். செகண்டுக்கு 8 கேபி. ஒரு 2 எம்பி போட்டோ வர நாலு நிமிஷத்துக்கு மேல. இணைப்பு அறுபடலை, அதனால அது அன்லிமிடெட்! 2024 ஜூலை கட்டண உயர்வோட, அன்லிமிடெட் 5ஜி சலுகை தினம் 2 ஜிபி-யும் அதுக்கு மேலயும் உள்ள பிளான்களுக்குன்னு சுருங்குச்சு. போன் பெட்டியில "5ஜி"ன்னு அச்சடிச்சிருப்பதுக்கும் உங்க பிளானுக்கும் எந்த சம்பந்தமும் இல்லை.

4. நாளைக்கு வரப்போறதை இன்னைக்கே விற்பது. இந்தியாவுல முதல் 5ஜி போன் விற்பனைக்கு வந்தது 2020 பிப்ரவரியில. 5ஜி சேவை தொடங்கினது 2022 அக்டோபர் 1. இரண்டரை வருஷத்துக்கு மேல, மக்கள் காசு கொடுத்து வாங்கின வசதி பெட்டிக்குள்ளேயே தூங்குச்சு. சேவை வந்த பிறகும் பல போன்களுக்கு சாஃப்ட்வேர் அப்டேட் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. ஐபோன்காரங்களுக்கு அது வந்தது அந்த வருஷம் டிசம்பர்ல. மூணு வருஷத்துல போனை மாத்துற ஒருத்தர், 5ஜி-யை சரியாப் பார்க்காமலே அந்த போனை எக்ஸ்சேஞ்ச்ல போட்டிருப்பார்.

இது புதுக் கதை இல்லை

2008-ல பிரிட்டன்ல ஐபோனுக்கு ஒரு டிவி விளம்பரம் வந்துச்சு. இணையத்தோட எல்லாப் பகுதிகளும் இந்த போன்ல இருக்குன்னு சொன்னாங்க. ஆனா அந்த போன்ல ஃப்ளாஷும் ஜாவாவும் வேலை செய்யாது. அன்னைக்கு நிறைய வலைத்தளங்கள் அதை நம்பித்தான் ஓடிச்சு. ரெண்டே ரெண்டு பேர் புகார் கொடுத்தாங்க. அந்த நாட்டு விளம்பரத் தர ஆணையம் அந்த விளம்பரத்தை நிறுத்தச் சொல்லிடுச்சு. அதே வருஷம் நவம்பர்ல ஐபோன் 3ஜி-யோட வேகத்தை மிகைப்படுத்திக் காட்டின இன்னொரு விளம்பரமும் தடையாச்சு. இடத்துக்கு இடம் வேகம் மாறும்னு கீழே குட்டி எழுத்துல போட்டிருந்தாங்க. அது போதாதுன்னு சொல்லிட்டாங்க.

அமெரிக்காவுல ஏடி அண்டு டி கம்பெனி 2019 தொடக்கத்துல 4ஜி போன்கள்லயே "5ஜி இ"ன்னு அடையாளம் காட்ட ஆரம்பிச்சது. போட்டிக் கம்பெனி ஸ்பிரிண்ட் கோர்ட்டுக்குப் போய், பிறகு சமரசம் ஆச்சு. 2020-ல அங்கத்திய விளம்பர மேல்முறையீட்டு வாரியம் சொன்ன பிறகு விளம்பரத்துல அந்தப் பெயரைப் பயன்படுத்துறதை நிறுத்தினாங்க. அதே கம்பெனி அன்லிமிடெட் பிளான் வாங்கினவங்களோட வேகத்தைச் சொல்லாமக் குறைச்ச வழக்குல, 2019-ல 6 கோடி டாலர் கொடுத்து முடிச்சுக்கிச்சு.

நம்ம ஊர்ல? 2015-ல ஏர்டெல்லோட "அதிவேக 4ஜி" விளம்பரம் ஞாபகம் இருக்கா? உங்க நெட்வொர்க் எங்களைவிட வேகம்னா வாழ்நாள் முழுக்க பில் நாங்க கட்டுறோம்னு சவால் விட்டாங்க. அது தவறா வழிநடத்துதுன்னு சொல்லி, மாத்துங்க இல்லைன்னா வாபஸ் வாங்குங்கன்னு இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் உத்தரவு போட்டுச்சு.

"படிச்சுப் பார்த்து வாங்கியிருக்கணும்" என்பவர்களுக்கு

நிறைய பேர் சொல்ற பதில் இது. நோட்ஸ்ல எல்லாம் போட்டிருக்கே, படிக்காதது வாங்கினவர் தப்புதானேன்னு.

எனக்கு இதுல உடன்பாடு இல்லை. பேலன்ஸ் ஷீட் நோட்ஸைப் படிக்க எனக்கு வருஷக்கணக்கா பயிற்சி கொடுத்தாங்க. வேலை முடிஞ்சு களைப்போட கடைக்கு வர்ற 23 வயசுப் பையனுக்கு, 10 செகண்ட் விளம்பரத்துல ரெண்டு செகண்ட் வந்துட்டுப் போற வரியைப் படிக்கச் சொல்றது நியாயமா? சட்டமும் அப்படிச் சொல்லலை. 2022-ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த வழிகாட்டு விதிகள் என்ன சொல்லுதுன்னா, பொறுப்புத் துறப்பு வரி தலைப்பு எந்த மொழியில இருக்கோ அதே மொழியில இருக்கணும், முக்கியமான தகவலை மறைக்கக் கூடாது, மேலே சொன்ன தவறான வாக்கை கீழே திருத்தற வேலை செய்யக் கூடாது. தமிழ்ல "அன்லிமிடெட்"னு போட்டுட்டு நிபந்தனையை ஆங்கிலத்துல போடுறாங்களே, அது இந்த விதிக்கே எதிரானது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம், திரும்பச் செஞ்சா 50 லட்சம் வரை.

ஆனா கோடிக்கணக்குல விளம்பரச் செலவு பண்ற கம்பெனிக்கு 10 லட்சம் ஒரு செலவுத் தலைப்பு மட்டும்தான். அதனால என் கோரிக்கை அபராதத்தைப் பத்தினது இல்லை, அளவுகோலைப் பத்தினது. பிரிட்டன்ல 2018 மே மாசத்துலேர்ந்து வீட்டு பிராட்பேண்ட் விளம்பரத்துல வேகம் சொல்லணும்னா, ராத்திரி 8 முதல் 10 மணி வரை நெரிசல் நேரத்துல குறைஞ்சது பாதி வாடிக்கையாளர்களுக்காவது கிடைக்கிற வேகத்தைத்தான் சொல்லணும். மொபைலுக்கும் போனுக்கும் இங்க அதே மாதிரி ஒரு விதி வரட்டும். "2 ஜிபிபிஎஸ் வரை" இருந்த இடத்துல ராத்திரி 9 மணிக்கு உண்மையா வர்ற எண் வந்தா, அந்த 7,000 ரூபாய் வித்தியாசத்துக்கு கடைக்காரர் வேற காரணம் தேடணும்.

இதுல எங்களை மாதிரி வீடியோ போடுறவங்களுக்கும் பங்கு இருக்கு. போன மாசம் ஒரு போன் ஸ்பான்சர்ஷிப் மெயில் வந்துச்சு. அவங்க அனுப்பின ஸ்கிரிப்ட்ல "மின்னல் வேக 5ஜி"ன்னு மூணு இடத்துல இருந்தது. எந்த ஊர்ல, எந்த நெட்வொர்க்ல சோதிச்சீங்கன்னு கேட்டேன். பதிலே இல்லை. பரிந்துரை பண்றவங்களும் சோதிச்சுப் பார்க்காம சொன்னா அதே சட்டத்துல மாட்டுவாங்க, ஒரு வருஷம் வரை பரிந்துரை பண்ணவே தடை விதிக்கலாம். இதை மனசுல வெச்சுக்கிட்டு எந்த ரிவ்யூ வீடியோவையும் பாருங்க. என்னோடதையும் சேர்த்துத்தான்.

வாங்குறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம்

5ஜி போனே வாங்காதீங்கன்னு நான் சொல்லலை. இன்னைக்கு 10,000 ரூபாயைச் சுத்தியே 5ஜி போன் கிடைக்குது, அதை வாங்குறது சரியான முடிவுதான். வேகத்துக்குன்னு தனியா அதிகக் காசு கொடுக்காதீங்கன்னுதான் சொல்றேன். கேமரா, பேட்டரி, எத்தனை வருஷம் அப்டேட் வரும், இதுக்கெல்லாம் கூடக் கொடுக்கலாம். அதெல்லாம் கையில வெச்சுப் பார்த்து அனுபவிக்கக்கூடியது.

• 2024-ல வந்த ட்ராய் விதிப்படி டெலிகாம் கம்பெனிகள் தங்களோட வலைத்தளத்துல கவரேஜ் மேப் போடணும். உங்க ரூமையும் ஆபீஸையும் சொந்த ஊரையும் அதுல தேடிப் பாருங்க.

• அதே சிம் வெச்சிருக்கிற ரூம்மேட்டோட போன்ல, ராத்திரி 9 மணிக்கு, நீங்க படுக்கிற இடத்துலயே ட்ராயோட மைஸ்பீட் ஆப்ல சோதிச்சுப் பாருங்க. நீங்க வாங்கப் போறது அந்த வேகத்தைத்தான்.

• உங்க தேவையை எண்ணால சொல்லிப் பாருங்க. நெட்ஃப்ளிக்ஸ் ஃபுல் எச்டி-க்குக் கேட்கிறது 5 எம்பிபிஎஸ். 4கே-க்கு 15.

• இந்தியாவுல 5ஜி-க்கு முக்கியமான பேண்ட் என்28-ம் என்78-ம். அது ரெண்டும் இருந்தா, மீதி எண்ணிக்கைக்குத் தனி விலை கொடுக்க வேண்டாம்.

• போன் விலையோட மூணு வருஷ ரீசார்ஜையும் சேர்த்து எழுதுங்க. 28 நாள் பிளான்னா 12-ஆல பெருக்காதீங்க, 13-ஆல பெருக்குங்க.

ஏமாந்துட்டதாத் தோணுச்சுன்னா விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கிட்டு 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் பண்ணுங்க. ஒரு ஆள் சொன்னா என்ன ஆகப்போகுதுன்னு நினைக்காதீங்க. 2008-ல அந்த விளம்பரத்தை நிறுத்தினது ரெண்டு பேர்தான்.

தம்பி இப்போ பழைய பிளானுக்கே திரும்பிட்டான். ரூம்ல வைஃபை இருக்கு, அது போதும்ங்கிறான். ஈஎம்ஐ இன்னும் நாலு மாசம் பாக்கி. அது முடிஞ்சதும் அதே தேதியில அதே தொகையை ஆர்டி-ல போடச் சொல்லியிருக்கேன். அந்தப் பணத்துக்கு வட்டி எவ்வளவுன்னு முதல் நாளே எழுதிக் கொடுத்துடுவாங்க. அதுல "வரை"ங்கிற வார்த்தை கிடையாது.