இறக்கைக்கு அடியில் ஜாக்கி

டயர் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். காராக இருந்தால் ரோட்டோரத்திலேயே வேலை முடிந்துவிடும். சொந்தக் கையால் கட்டிய விமானம் என்றால், ஜாக்கியை எடுத்தவர் ஒரு கணம் தயங்குகிறார். பல வருட உழைப்பாயிற்றே.

அமெரிக்காவில் இது அபூர்வமான பொழுதுபோக்கு அல்ல. ரிச்சர்ட் வான்க்ரன்ஸ்வென் 1970களில் தொடங்கிய வேன்ஸ் நிறுவனத்தின் பாகங்களை வாங்கி, ரிவெட் அடித்துப் பறக்கவிடப்பட்டவை மட்டுமே 10,000க்கும் மேல். கட்டியவர் விண்ணப்பித்தால், அந்த ஒரு விமானத்தின் வருடாந்திர சோதனையைத் தானே செய்ய அரசு சான்று தருகிறது. தவறு நேர்ந்தால் அதுவும் அவருடையதே.

இந்நிறுவனத்தின் இரண்டு சீட் ஆர்.வி-7 வெறுமனே சுமார் 500 கிலோதான். மாருதி 800ஐவிடக் குறைவு. சிக்கல் எடையில் இல்லை. இறக்கையின் அலுமினியத் தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாதது. பறக்கும்போது இறக்கை முழுவதும் பரவும் சுமையை ஜாக்கி ஒரே இடத்தில் ஏற்றினால் தகடு நசுங்கிவிடும். ஆகவே விமானத்தைக் கட்டிப்போடும் வளையம் இருக்கும் இடத்தைத்தான் நம்ப வேண்டும். வளையத்தைக் கழற்றி, அதே துளையில் உருண்டை முனையுள்ள போல்ட்டைத் திருகுகிறார்கள். ஜாக்கியின் தலையிலும் அந்த முனை உட்காரக் குழி இருக்க வேண்டும். தட்டையான தலை என்றால் வழுக்கும்.

சரியான இடம் கிடைத்தாலும் ஒரு பக்கத்தை மட்டும் தூக்கும்போது விமானம் நேராக மேலே போவதில்லை. மறுபக்கச் சக்கரத்தை அச்சாக வைத்து, வளைவாக எழுகிறது. ஜாக்கி மெல்லச் சாய்கிறது. எனவே மறுபக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை, கொஞ்சம் தூக்கியதும் ஒரு பார்வை, டயர் தரையை விட்டதும் நிறுத்தம். ஹைட்ராலிக் ஜாக்கி கசிந்து இறங்கக்கூடும் என்பதால் உறுதியான ஸ்டாண்டையும் கொடுத்துவிட்டுத்தான் இறக்கைக்கு அடியில் தலையை நீட்டலாம். ஷெட் கதவு மூடியிருக்கட்டும். லேசான காற்று அடித்தால்கூட இறக்கைக்குத் தன் வேலை ஞாபகம் வந்துவிடும்!

மூக்குச் சக்கரம் கொண்ட ஆர்.வி-7ஏ என்றால் வேறு கவலை. 100 கிலோவுக்கு மேற்பட்ட எஞ்சினைக் கழற்றியதும் வால் தரையில் உட்கார்ந்துவிடும். வாலுக்கு அடியில் முன்கூட்டியே ஸ்டாண்ட் கொடுக்க வேண்டும். எஞ்சின் இருக்கும்போது மூக்கை உயர்த்தவோ, எதிராக வாலில் எடை தொங்கவிடுகிறார்கள். சிமென்ட் ஊற்றிக் கெட்டியாக்கிய பழைய பக்கெட்டே போதும். அந்த நிலையில் யாரும் காக்பிட்டில் ஏறக்கூடாது, கட்டியவர் உட்பட.