சுருதி நழுவட்டும்

1970-இல் வந்த மினிமூக் சிந்தசைசரை மேடையேற்றியவர்கள், அது சூடேறும்வரை காத்திருப்பார்கள். அப்புறமும் அதன் மூன்று ஆசிலேட்டர்களும் சுருதியில் நழுவும். அன்றைய அந்தத் தலைவலியைத்தான் இன்று மென்பொருளில் காசு கொடுத்து வாங்குகிறோம். 2020-இல் மறுபிறவி எடுத்த ப்ராஃபெட்-5 சிந்தசைசர் அசல் அனலாக் கருவி. அதிலேயே சுருதியைக் கலைக்க ‘விண்டேஜ்’ என்றொரு குமிழ்! ஆனால் மென்பொருளில் சுருதியைக் கண்டபடி ஆட்டினால் அனலாக் ஆகிவிடாது. வாய்ஸுக்கு வாய்ஸ் ஓரிரு சென்ட் விலகல், அதுவும் மெல்ல நகர்ந்தால் போதும். உயிர் ஃபில்டரில்தான் இருக்கிறது. ரெசொனன்ஸ் திரும்பி உள்ளே வரும் சுற்றுக்குள்ளேயே சாச்சுரேஷனை வையுங்கள். உள்ளே வரும் ஒலியைக் கூட்டக் கூட்ட ரெசொனன்ஸின் விசில் அடங்கி, சத்தம் தடிக்கும். கடைசியில் ஒட்டவைத்த டிஸ்டார்ஷன் இதைத் தராது. ஓவர்சாம்ப்ளிங்கில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மேல் ஸ்தாயியில் அலியாசிங் கரகரத்து, இது மென்பொருள் என்ற குட்டை உடைத்துவிடும்.