மஞ்சள் கருவுல அம்மா கட்டின பார்சல்

ஒரகடம், வல்லம், இருங்காட்டுக்கோட்டை பக்கம் படிக்கிற மக்களுக்கு அசெம்பிளி லைன்னா என்னன்னு பாடம் எடுக்கவே வேண்டாம். இன்டஸ்ட்ரியல் விசிட்னு பஸ் ஏத்திக் காட்டியிருப்பாங்க. அந்த பஸ் போற வழியிலேயே, சிப்காட் காம்பவுண்டை ஒட்டின ஊர்ல குப்பையைக் கிளறிட்டிருக்கே நாட்டுக்கோழி, அதோட வயித்துக்குள்ளயும் ஒரு லைன் ஓடுது பாஸ்! வெள்ளைக்கரு சேர சுமார் 3 மணி நேரம், ஓடு போட சுமார் 20 மணி நேரம். ஆனா ரொம்ப முக்கியமான சரக்கு அதுக்கு முன்னாடியே ஏறிடும். அதுதான் நோய் எதிர்ப்பு சக்தி.

மனுஷக் குழந்தைக்கு நஞ்சுக்கொடி வழியா அம்மாவோட ஆன்டிபாடி வந்துட்டே இருக்கும். பிறந்ததும் தாய்ப்பால். கோழிக்கு இந்த ரெண்டும் கிடையாது. முட்டை வெளியே வந்தா கதவு மூடியாச்சு. மேலே உட்கார்ந்து சூடு கொடுக்கலாம், அவ்வளவுதான். அதனால, மஞ்சள் கரு மளமளன்னு வளர்ற சுமார் பத்து நாள்லயே, தாய் தன் ரத்தத்துல இருக்கிற ஆன்டிபாடியை அதுக்குள்ள நிரப்பிடுது. பேரு ‘ஐ.ஜி.ஒய்.’ 21 நாள் அடைகாப்புல, கடைசி சில நாள்லதான் அதுல பெரும்பகுதி குஞ்சோட ரத்தத்துல ஏறும். வேடந்தாங்கல் நாரைக்கும் இதே டெக்னிக்தான்.

1893-லயே ஜெர்மனியில ஃபெலிக்ஸ் கிளெம்பரர் இதைக் கண்டுபிடிச்சுட்டார். டெட்டனஸ் விஷத்துக்கு எதிரா கோழிகளைத் தயார்படுத்தி, அதோட மஞ்சள் கருவை எலிகளுக்குச் செலுத்தினார். எலிகள் பிழைச்சுது!

குஞ்சுக்குச் சொந்த ஃபேக்டரி இல்லையான்னு கேட்கிறீங்களா? இருக்கு. வால் பக்கத்துல ‘பர்ஸா’ன்னு ஒரு சின்னப் பை. ஆன்டிபாடி தயாரிப்புக்கு அது வேணும்னு 1956-ல வெளியான ஆய்வுல புரூஸ் கிளிக் காட்டினார். நம்ம உடம்புல ‘பி செல்’னு சொல்றோமே, அந்த ‘பி’ இந்தப் பர்ஸாவோட முதல் எழுத்துதான். ஆனா ஃபேக்டரி முழு வேகத்துல ஓட சில வாரம் ஆகும். அதுவரைக்கும் அம்மா பார்சல்தான் கதி.

இந்தப் பார்சல்ல ரெண்டு கண்டிஷன். ஒண்ணு, எக்ஸ்பைரி டேட் உண்டு. ரெண்டு முதல் நாலு வாரத்துக்குள்ள பெரும்பாலும் கரைஞ்சுடும். இன்னொண்ணு, தாய் சந்திச்ச நோய்க்கோ, போட்டுக்கிட்ட தடுப்பூசிக்கோ மட்டும்தான் ஆன்டிபாடி இருக்கும். தாய்க்கே தெரியாத வைரஸ் வந்தா பார்சல் காலி.

இங்கேதான் வெள்ளைக்கழிச்சல் வில்லனா நுழையுது. ராணிக்கெட் நோய்னும் சொல்வாங்க. வந்துட்டா மருந்து கிடையாது. ஒரே வாரத்துல கூடை காலி! நாலு கோழி வளர்க்கிற அம்மாவுக்கு அதுங்கதான் ஏ.டி.எம். மகனோட பஸ் பாஸும் மகளோட எக்ஸாம் ஃபீஸும் அதுலேர்ந்து வந்திருக்கும்.

அப்போ பிறந்த அன்னிக்கே ஊசியைப் போட்டுட வேண்டியதுதானே? அங்கே ஒரு சிக்கல். தாய் கொடுத்த ஆன்டிபாடி அதிகமா இருந்தா, தடுப்பு மருந்துல இருக்கிற வைரஸையும் எதிரின்னு நினைச்சு அடிச்சுடும். அதான் ஒரே டோஸோட விடறதில்லை. முதல் வாரத்துல கண்ணுல, மூக்குல சொட்டு மருந்து. எட்டாவது வாரம் வாக்குல ஊசி.

இந்த மருந்துக்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டிப் போற அதே பெங்களூரு ரோட்டுல, ராணிப்பேட்டையில 1932-ல தொடங்கின அரசு கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இருக்கு. அங்கே தயாராகுது. (ராணிக்கெட் உத்தராகண்ட்ல இருக்கிற மலை ஊர். ராணிப்பேட்டையோட குழப்பிக்காதீங்க!)

ஜிம் பார்ட்டிகளுக்கு ஒரு வார்த்தை. பச்சை முட்டை குடிச்சா இந்தச் சக்தி நமக்கும் வரும்னு கனவு காணாதீங்க. அது கோழி நோய்க்கான ஆன்டிபாடி. வயித்து அமிலத்துல பெரும்பாலும் சிதைஞ்சும் போயிடும். சால்மோனெல்லா கிருமி வேணா இலவசமா கிடைக்கலாம். வேக வெச்சே சாப்பிடுங்க.

பிப்ரவரியில கால்நடைத் துறை ரெண்டு வாரம் இலவசக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துறது வழக்கம். வீட்டுக்கு போன் போடும்போது ரீசார்ஜ் கேட்கிறதோட, “கோழிக்கு ஊசி போட்டாச்சா?”ன்னும் கேளுங்க. தாய்க்கோழிக்குப் போடற ஊசியில, அது இனிமே இடப்போற முட்டைக்கும் ஒரு பங்கு இருக்கு.