ஆறு வருஷத்து மரம்

வீட்டுக்கு வரும் காகிதம் எந்த மரத்தினின்று பிறந்தது என்று விசாரிப்பவர் அரியர். காகிதத்தையே நம்பிக் காலம் தள்ளும் நாமாவது விசாரிக்காமல் இருப்பது நியாயமன்று.

தென்கிழக்கு ஆசியாவின் காகித ஆலைகளுக்குப் பல வருஷங்கள் இரை போட்டது மங்கியம் என்னும் அக்கேசியா மரம். நம் கருவேலத்துக்குத் தூரத்து உறவு. ஆனால் முள் கிடையாது. இலை என்று நாம் காண்பதும் இலையன்று. அகன்று தட்டையான காம்பே. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தும், நியூகினித் தீவும், மொலுக்காத் தீவுகளும் அதன் தாயகம். 1966-ம் வருஷத்தில் நிக்கல்ஸன் என்ற ஆஸ்திரேலிய வன நிபுணர் அதன் விதையில் சிறிதளவைப் போர்னியோவின் வடகோடியிலுள்ள சபாவுக்குக் கொண்டுபோனார். காட்டுத்தீ பரவாமல் தடுக்கும் வேலியாக நடுவதுதான் அப்போதைய உத்தேசம்.

நட்டவர்கள் திகைத்துப் போனார்கள். தர்ப்பையைப் போன்ற லாலாங் புல் மண்டி, வேறொன்றும் விளையாமல் கிடந்த நிலத்தில் அது காடாக எழும்பிற்று. அவரைக் குடும்பத்து மரமாகையால் வேர்முடிச்சுக்களில் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தனக்கு வேண்டிய உரத்தைத் தானே சேர்த்துக்கொண்டது. ஆறேழு வருஷத்தில் வெட்டலாம். வெட்டிய இடத்திலேயே மறுபடி நடலாம். சுமத்ராவில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரே வயது, ஒரே உயரம், ஒரே மரம்.

சொந்த ஊரில் அந்த மரத்துக்குப் பகை இல்லாமல் இல்லை. கடல் கடந்து வந்தபோது அந்தப் பகையிற் பெரும்பகுதி பின்தங்கி விட்டது. புது ஊருக்குக் குடிபோனவனைக் கடன்காரர்கள் தேடிப் பிடிக்கச் சில நாள் ஆவது போல, இங்கும் சில நாள் ஆயிற்று. அவ்வளவுதான்.

1980-களின் ஆரம்பத்திலேயே சபாவில் மரத்தை அறுத்துப் பார்த்தவர்கள் நடு வைரம் உளுத்திருக்கக் கண்டார்கள். பலகைக்கு ஆகாது, கூழுக்கு ஆகும் என்று தேற்றிக்கொண்டார்கள். அடுத்து வந்தது வேரழுகல். தென்னையில் தஞ்சாவூர் வாடல் நோயை உண்டாக்கும் கனோடெர்மாக் காளான் இருக்கிறதே, அந்த வம்சத்தைச் சேர்ந்த இன்னொன்று இதற்குக் காரணம். செந்நிறப் போர்வை போல வேரைச் சுற்றிக்கொள்ளும். ஒரு வேர் அடுத்த மரத்தின் வேரைத் தொட்ட இடத்தில் அங்கே தாவும். மரத்தை வெட்டி வண்டி ஏற்றியாயிற்று, நோயும் போயிற்று என்று எண்ணினால் மோசம் போவோம். அடிக்கட்டை மண்ணுக்குள் இருக்கிறது. அதைத் தின்றுகொண்டே காளான் அடுத்த கன்றுக்குக் காத்திருக்கிறது. முதற் போகத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செத்த மரங்கள், இரண்டாம் மூன்றாம் போகங்களில் திட்டுத் திட்டாகச் சாய்ந்ததன் காரணம் இதுவே.

இவ்வளவையும் தாங்கிய தோட்டங்களை மூன்றாவது நோய் வீழ்த்திற்று. 1998-ம் வருஷ வாக்கில் ஓமான் தேசத்திலும், பிறகு பாகிஸ்தானத்திலும் மாமரங்கள் திடீரென்று வாடிப் பட்டுப்போயின. காரணமான பூஞ்சணத்துக்கு 2007-ல் விஞ்ஞானிகள் இட்ட பெயருக்கே 'மாமரக்கொல்லி' என்று பொருள். சுமத்ராவில் அக்கேசியாவைக் கொன்ற பூஞ்சணத்தை வேறு இனமென்று கருதி 2011-ல் வேறு பெயர் சூட்டினார்கள். பின்னர் இரண்டும் ஒன்றே என்று முடிவாயிற்று.

இது காயத்தின் வழியே புகும் நோய். கிளை கழிக்கும் அரிவாள் பட்டால் போதும். அணிலோ குரங்கோ பட்டையை உரித்தால் போதும். சேது கட்ட மண் சுமந்த அணிலுக்கு இப்படியும் ஒரு வேலையா என்று கேட்கத் தோன்றுகிறது. சபாவில் யானையும் இந்தக் கைங்கரியத்தில் சேர்ந்துகொள்கிறது. உள்ளே புகுந்த பூஞ்சணம் நீரேறும் வழியைக் கறுக்கச் செய்து அடைக்கிறது. மேலே தழை வாடித் தொங்குகிறது. மருந்து அடித்துப் பிழைக்க வைக்கும் வித்தை இன்றுவரை கிடையாது.

ஆலைக்காரர்கள் என்ன செய்தார்கள்? மரத்தையே மாற்றினார்கள். சுமத்ராவிலும் சபாவிலும் மிகப் பெரும் பரப்பில் அக்கேசியாவை ஒழித்து பெல்லிட்டா என்ற தைலமரத்தை நட்டார்கள். அதற்கு நைட்ரஜன் பிடிக்கும் சக்தி இல்லை; உரம் வாங்கிப் போடவேண்டும்; களையும் எடுக்க வேண்டும். பணம் உள்ளவர்களுக்கு அது முடியும்.

நம் கவலை வேறு. வியத்நாமில் பத்து லட்சம் ஹெக்டேருக்கு மேல் அக்கேசியா இருக்கிறது. அதில் பெரும்பங்கு ஓரிரண்டு ஹெக்டேர் வைத்திருக்கும் குடியானவர்களுடையது. பெண்ணின் கல்யாணத்துக்கோ வீட்டுக் கூரைக்கோ ஆறாம் வருஷத்து வெட்டை நம்பியிருப்பவன், நாலாம் வருஷத்தில் மரம் வாடினால் என்ன செய்வான்? நோய்க்குப் பயந்து ஐந்தாம் வருஷத்திலேயே வெட்டிச் சிறு கட்டையாக விற்றால் விலை குறைவு. அங்கும் அதே மாமரக்கொல்லி போய்ச் சேர்ந்தாயிற்று.

நம் கடற்கரை ஜில்லாக்களின் சவுக்குத் தோப்புக்களுக்கும் இதில் சம்பந்தம் உண்டு. சவுக்கும் அயலிலிருந்து வந்ததே. அதையும் இப்போது காகித ஆலைக்காக நடுகிறார்கள். அதன் பட்டை கொப்புளித்து வெடித்து, உள்ளிருந்து கரித்தூள் போன்ற விதைத்தூள் உதிரும் நோய் ஒன்று நெடுங்காலமாக உண்டு. அதை உண்டாக்கும் பூஞ்சணத்தின் இனத்துக்கு, சென்னைச் சர்வகலாசாலையில் பணிபுரிந்த ஸி. வி. சுப்பிரமணியனின் பெயரை 2003-ல் சூட்டினார்கள். மரத்தைக் கொல்லும் நோய்க்குத் தம் பெயரை வைப்பதைக் கௌரவமாக ஏற்பவர்கள் விஞ்ஞானிகள் மட்டுமே!

விதையிலிருந்து முளைத்த சவுக்கில் ஒன்று செத்தால் பக்கத்தில் ஒன்று பிழைக்கும். பிறவியிலேயே அவை வெவ்வேறானவை. ஒரே தாய்மரத்தின் போத்தை வேரூன்றவைத்த குளோன் கன்றுகளுக்கு அந்த வேற்றுமை இல்லை. ஒன்றைத் தாக்கத் தெரிந்த நோய்க்குத் தோப்பு முழுவதும் தெரியும். மகசூல் அதிகம் என்பது மெய்தான். குளோன் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. நாற்றங்காலில் நாலு தாய்மரத்துக் கன்றுகளைத் தனித்தனியே கேட்டு வாங்கி, பாத்தி பாத்தியாக மாற்றி நடலாம். பட்டை வெடித்த மரத்தை அன்றே வெட்டி எரிக்கலாம். கிளை கழிக்கும்போது பட்டை கிழியாமல் கழிக்கலாம். நாலு வகையாகப் பிரித்துக் கொடுப்பது தொந்தரவு என்று நாற்றங்கால்காரர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும்.