பட்டம் கையில்... கை பழகுவது எப்போது?

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். பல் வலி வந்தாலோ தூக்கமும் போச்சு, மறுநாள் கூலியும் போச்சு! ஊட்டி காந்தலில் மூட்டை தூக்குகிறவரோ, காய்கறித் தோட்ட வேலைக்குப் போகிறவரோ கிராம்பைக் கடித்துக்கொண்டு இரண்டு நாள் தள்ளிவிட்டு, இனி முடியாது என்ற பிறகுதான் பல் டாக்டரைத் தேடுவார். அந்த டாக்டர் போன மாதம்தான் பட்டம் வாங்கியவர் என்றால்?

இருவருக்கும் பயம்தான். நோயாளி வாய்விட்டுச் சொல்லிவிடுவார். டாக்டரால் சொல்ல முடியாது.

இதற்கு அந்த இளைஞரைக் குறை சொல்வது நியாயமில்லை. பி.டி.எஸ். படிப்பு நான்கு வருடம், பிறகு ஒரு வருடம் பயிற்சி. மெழுகில் பல் செதுக்கி, பொம்மைத் தலையில் துளையிட்டுப் பழகி, மூன்றாம் வருடத்தில்தான் நோயாளியின் வாயைப் பார்க்கிறார்கள். கடைசியில் வரும் பயிற்சி வருடமும் பல துறைகளுக்குத் துண்டு துண்டாகப் பிரிந்துவிடுகிறது. அதற்குள்ளேயே எம்.டி.எஸ். நுழைவுத் தேர்வுக்கும் படிக்க வேண்டும்!

கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதையே எடுத்துக்கொள்ளுங்கள். தாடையின் உட்புறம் நரம்பு இருக்கும் இடத்தைக் கணித்து மரத்துப்போகும் ஊசி போட வேண்டும். அனுபவசாலிகளுக்கே சில சமயம் தவறும் ஊசி இது. மரத்துப்போகவில்லை என்றால் மறுபடி போடுவதா, நிறுத்துவதா? பாதியில் வேர் உடைந்தால் என்ன செய்வது? பதில் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் நோயாளி வலியில் துடிக்கும்போது புத்தகத்தைப் புரட்ட முடியுமா?

தன்னம்பிக்கை இல்லாத டாக்டர், காப்பாற்றக்கூடிய பல்லுக்கு வேர் சிகிச்சை செய்யத் தயங்கிப் பிடுங்கிவிடுவார். இல்லாவிட்டால் "கோயம்புத்தூர் போங்க" என்பார். காந்தல்காரருக்கு அது சுமார் 85 கிலோமீட்டர் மலை இறங்கும் பயணம், இன்னொரு நாள் கூலி. பழகாத கையோடு அசட்டுத் துணிச்சல் சேர்ந்தால் அது இதைவிட ஆபத்து. உண்மையான தன்னம்பிக்கை என்பது எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருப்பதும்தான்.

சி.ஏ. படிக்கிறவர்களைப் பாருங்கள். 2023-ல் வந்த புதிய திட்டத்தில்கூட இரண்டு வருடம் ஒரு ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப் செய்தே தீர வேண்டும். கணக்கில் தவறினால் இன்னொரு பதிவு போட்டுத் திருத்திக்கொள்ளலாம். பிடுங்கிய பல்லுக்குத் திருத்தப் பதிவு உண்டா? பிரிட்டனில் படித்து முடித்த புதிய பல் மருத்துவர்கள், அரசு சுகாதார சேவையில் சேர, பொதுவாக ஒரு வருடம் நிஜமான கிளினிக்கில் ஒரு மூத்தவரின் மேற்பார்வையில் வேலை செய்கிறார்கள்.

இந்தியாவில் 2023-ம் ஆண்டின் தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டம், படிப்பு முடியும்போது நாடு முழுவதற்கும் ஒரே தேர்வு வைக்க வழி செய்கிறது. நல்லதுதான். ஆனால் தேர்வு கையை அளக்கலாம், பழக்காது.

வழி இல்லாமல் இல்லை. நீலகிரியில் பல் மருத்துவக் கல்லூரி இல்லை. ஆனால் ஊட்டி, குன்னூர், கூடலூரில் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. பட்டம் முடித்தவர்களை உதவித்தொகையோடு ஒரு வருடம் இப்படிப்பட்ட இடங்களுக்கு அனுப்பலாம், பக்கத்தில் நிற்க ஓர் அனுபவசாலியையும் சேர்த்து! சொத்தைப் பல் மட்டுமல்ல, புகையிலை மெல்லும் எஸ்டேட் தொழிலாளியின் கன்னத்துக்குள் இருக்கும் வெள்ளைத் திட்டையும் அங்கே பார்த்துப் பழகலாம். அது பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடியது. முன்கூட்டியே கண்டுபிடித்தால் ஓர் உயிர் பிழைக்கும்.

பட்டத்தைப் பல்கலைக்கழகம் தந்துவிடும். கை நடுக்கம் போக, "நான் இருக்கேன், தைரியமா பண்ணு" என்று சொல்ல ஒரு சீனியர் பக்கத்தில் நிற்க வேண்டும். அவரை நிறுத்திவைக்க வேண்டியது அரசின் பொறுப்பு. இல்லாவிட்டால் அந்தப் பயிற்சிக்கான செலவைக் காந்தல்காரர் தன் பல்லால் கட்டிக்கொண்டிருப்பார்.